இடத்துக்கு ஒரு விசை, வேகத்துக்கு ஒரு விசை

பழைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் தளர்ந்துவிட்டது என்பதை ஓட்டுபவர்கள் மூன்று விதமாகச் சொல்வார்கள். பிரேக் பிடித்தால் வண்டி முன்னால் குத்துகிறது. பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இரும்போடு இரும்பு மோதும் சத்தம் வருகிறது. நிறுத்தி வைத்து ஹேண்டில்பாரை அமுக்கினால் தடையே இல்லாமல் கீழே போகிறது. மூன்றுக்கும் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: பழைய ஆயிலை வடித்துவிட்டு அதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றுவது. ஊற்றிய பின் ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்தால் ஃபோர்க் நிதானமாக இறங்கும். கோளாறு தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் பல வண்டிகளில் கோளாறு தீர்ந்திருக்காது, மறைந்திருக்கும். ஃபோர்க்குக்குள் இரண்டு வகை விசைகள் வேலை செய்கின்றன. ஒன்று, ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மற்றொன்று, எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பதைப் பொறுத்தது. முதல் வகையில் ஏற்பட்ட குறையை இரண்டாம் வகையைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. தளர்ந்த ஃபோர்க்கைச் சரிசெய்வதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

நாம் பேசும் கருவி எளிமையானது. ஃபோர்க்கின் இரண்டு கால்களில் ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், உள்ளே ஒரு நீண்ட ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், அதன் மேல் அடைபட்ட காற்று. 1935-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 12 வண்டியில் எண்ணெய்த் தணிப்புள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைத் தொழிற்சாலைத் தயாரிப்பாகவே கொண்டுவந்தது. அதற்கு முன் பெரும்பாலான வண்டிகளில் சட்டங்களை இணைத்துச் செய்த கர்டர் வகை ஃபோர்க்குகளே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டெலஸ்கோப்பிக் அமைப்பே உலகெங்கும் வழக்கமானது. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டிலும், 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-இலும் இருப்பது இந்தக் குடும்பத்து ஃபோர்க்தான். உள்ளே இருக்கும் கம்பி, வால்வு, துளைகளின் அமைப்பு வண்டிக்கு வண்டி மாறும். ஸ்பிரிங் தாங்குவது, எண்ணெய் குறுகிய வழிகளில் பாய்ந்து வேகத்தைத் தணிப்பது, மேலே இருக்கும் காற்று அமுங்குவது ஆகிய மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது.

இந்த மூன்றுக்கும் உரிய விதிகள் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டுவிட்டன. நீட்டப்படும் அளவுக்கு ஏற்ப ஸ்பிரிங்கின் விசை கூடும் என்பதை ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டு, 1678-இல் அதை அவிழ்த்துக் காட்டினார். அதே ஹூக் அதற்கு முன் ராபர்ட் பாயிலிடம் உதவியாளராக இருந்து அவருக்குக் காற்றுப் பம்பு செய்து கொடுத்தவர். அடைபட்ட காற்றின் பருமன் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்ற விதியைப் பாயில் 1662-இல் வெளியிட்டார். பாயில் தம் நூலின் தலைப்பிலேயே காற்றை ஒரு ஸ்பிரிங்காகப் பேசியவர். ஃபோர்க்குக்குள் காற்று செய்வதும் அந்த வேலைதான். மூன்றாவது விதி இத்தாலியின் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டது. துளை வழியாகப் பாயும் திரவத்தின் வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் அதைத் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். முதல் இரண்டு விதிகளிலும் வேகத்துக்கு இடமே இல்லை. மூன்றாவதில் தூரத்துக்கு இடமில்லை. ஃபோர்க் அசையாமல் நிற்கும்போது எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதன் விசை சுழியம். வண்டியையும் ஓட்டுபவரையும் தாங்கி நிறுத்துவது ஸ்பிரிங்கும் காற்றும் மட்டுமே.

இதை எண்களில் பார்த்தால் தெளிவாகும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பழைய 350 சி.சி. வண்டிகளுக்கு இது பொருந்தும் அளவு. முன் சக்கரத்தில் 45 விழுக்காடு, அதாவது 108 கிலோ இறங்குகிறது. சக்கரம், டயர், பிரேக், ஃபோர்க்கின் அடிக்குழாய் ஆகியவற்றை ஸ்பிரிங் தாங்குவதில்லை; அவற்றுக்கு 15 கிலோ கழித்தால் மீதி 93 கிலோ. ஃபோர்க் செங்குத்திலிருந்து 27 பாகை சாய்ந்திருப்பதால் குழாயின் நீளவாக்கில் விழும் விசை ஏறத்தாழ 810 நியூட்டன். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 நியூட்டன் கேட்கிறது என்றால், இரண்டும் சேர்ந்து 12. ஆக, ஸ்பிரிங் மொத்தம் 68 மி.மீ. அமுங்க வேண்டும். அதில் 30 மி.மீ. ஃபோர்க்கின் மூடியைத் திருகும்போதே அமுங்கிவிடுகிறது. இதை முன்னழுத்தம் என்போம். மீதி 38 மி.மீ. அளவுக்கு வண்டி உட்காரும். மொத்த நகர்வு 120 மி.மீ. என்றால் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சாலை வண்டிகளில் ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் ஃபோர்க் தன் நகர்வில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உட்காருவதுதான் நல்ல நிலை. மேட்டில் ஏறும்போது ஃபோர்க் அமுங்க மீதி நகர்வு வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தரையை விடாமல் இருக்க, ஃபோர்க் நீள்வதற்கு உட்கார்ந்த அளவு நகர்வு வேண்டும்.

இருபது, முப்பது ஆண்டு ஓடிய ஸ்பிரிங்குக்கு என்ன ஆகிறது? "ஸ்பிரிங் களைத்துப் போச்சு, மெத்துன்னு ஆயிருச்சு" என்பது பொதுவான விளக்கம். இதில் பாதிதான் உண்மை. ஸ்பிரிங்கின் விறைப்பை நான்கு அளவுகள் முடிவு செய்கின்றன: எஃகின் சறுக்கு மீட்சிக்கெழு, கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை. 4 மி.மீ. கம்பியை 20 மி.மீ. விட்டத்தில் 50 சுற்றுச் சுற்றினால் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 6.3 நியூட்டன் விறைப்பு கிடைக்கும். வண்டி ஓடுவதால் சுற்றின் எண்ணிக்கை குறையாது. விட்டமும் கணிசமாக மாறாது. எஃகின் மீட்சிக்கெழு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைச் சார்ந்தது. ஆண்டுக்கணக்கான உழைப்பு அதை ஏறத்தாழத் தொடுவதே இல்லை. மாறுவது நீளம். எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும் கம்பிக்குள் உலோகப் படிகங்களின் அடுக்குகள் மெல்ல மெல்ல நழுவுகின்றன; அப்படி நழுவிய பகுதி, சுமையை எடுத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஸ்பிரிங் குட்டையாகிறது. அதனால்தான் வண்டி நிறுவனங்களின் பட்டறைக் கையேடுகள் ஃபோர்க் ஸ்பிரிங்கைச் சோதிக்கச் சொல்லும்போது, கழற்றி வைத்த நிலையில் அதன் நீளம் எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்று ஓர் எல்லை தருகின்றன. விறைப்பை அளக்கச் சொல்வதில்லை.

மேலே சொன்ன வண்டியில் ஸ்பிரிங் 12 மி.மீ. குட்டையாகிவிட்டது என்று கொள்வோம். முன்னழுத்தம் 30-இலிருந்து 18 ஆகிறது. வண்டி உட்காரும் அளவு 38-இலிருந்து 50 ஆகிறது. விறைப்பு அப்படியே இருக்கிறது. அப்படியானால் ஓட்டுபவருக்கு ஏன் தளர்ச்சி தெரிகிறது என்ற கேள்வி நியாயமானது. அவர் உணர்வது கற்பனையல்ல. விடை பிரேக்கில் இருக்கிறது. ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குப் பிரேக் பிடித்தால், எடை பின்னாலிருந்து முன்னால் நகர்கிறது. எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், இரு சக்கர மையங்களுக்கு இடையே 135 செ.மீ. என்று கொண்டால் முன்னால் கூடுவது 53 கிலோ. இதோடு நிற்பதில்லை. சாய்ந்த குழாயில் சக்கரம் மேலே போகும்போது பின்னோக்கியும் போகிறது. தரை டயரைப் பின்னோக்கி இழுக்கும் பிரேக் விசையின் ஒரு கூறும் ஃபோர்க்கை அமுக்குகிறது. பிரேக்கில் மூன்றில் இரண்டு பங்கு முன் சக்கரத்தில் நடந்தால் இரண்டும் சேர்ந்து 820 நியூட்டன் வரும். 12 நியூட்டன் விறைப்பில் இது 68 மி.மீ. நல்ல ஸ்பிரிங்கில் 38-உம் 68-உம் சேர்ந்து 106; அடி தட்ட இன்னும் 14 மி.மீ. மிச்சம். குட்டையான ஸ்பிரிங்கில் 50-உம் 68-உம் சேர்ந்து 118. மிச்சம் இரண்டே மில்லிமீட்டர். அந்த நேரத்தில் சாலையில் ஒரு சிறு மேடு வந்தாலும் இரும்போடு இரும்பு மோதும். காற்றின் உதவியை இதில் சேர்க்கவில்லை; சேர்த்தால் எண்கள் சற்று நல்ல பக்கம் நகரும், கதை மாறாது. ஓட்டுபவர் உணரும் தளர்ச்சி, விறைப்பு குறைந்ததால் வந்ததல்ல. நகர்வில் இருந்த சேமிப்பு கரைந்ததால் வந்தது.

இந்த நிலையில் கெட்டி ஆயில் என்ன செய்யும்? பிரேக் பிடித்த முதல் கணங்களில் ஃபோர்க் இறங்கும் வேகத்தைக் குறைக்கும். அரை விநாடியில் இறங்கியது ஒரு விநாடியில் இறங்கலாம். இறங்கி முடிக்கும் இடம் மாறாது. தொடர்ந்து பிரேக் பிடித்தால் அதே 118 மி.மீ.தான். வண்டி உட்காரும் அளவும் 50 மி.மீ.தான். இதற்கு விலையாக எண்ணெய் கேட்பது அதிகம். ஹேண்டில்பாரைக் கையால் அமுக்கும்போது ஃபோர்க் விநாடிக்கு 0.3 மீட்டர் அளவில் நகரும். விதிப்படி கட்டிய வேகத்தடையும் ஏறத்தாழ அப்படித்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. அதை 25 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் முன் சக்கரம் சராசரியாக விநாடிக்கு 0.37 மீட்டர் வேகத்தில் ஏறும். இப்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சக்கரம் 2 செ.மீ. உயரமுள்ள தார் விளிம்பில் மோதுவதைப் பாருங்கள். 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் அந்த விளிம்பில் ஏறி முடிக்க எடுக்கும் கிடைத்தூரம் 11 செ.மீ.; அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. டயர் நசுங்கி ஒரு பகுதியை விழுங்கினாலும் ஃபோர்க்கின் வேகம் விநாடிக்கு 2 மீட்டரை எட்டும். கையால் அமுக்கியதைப் போல ஆறேழு மடங்கு வேகம். துளை வழி எண்ணெயின் எதிர்ப்போ வர்க்கக் கணக்கில் ஏறி நாற்பது மடங்கைத் தாண்டுகிறது.

கையால் அமுக்கிப் பார்க்கும் சோதனை ஏமாற்றுவது இங்கேதான். கைக்கு இதமாகத் தோன்றும் அளவுக்கு எண்ணெயைக் கெட்டியாக்கினால், விளிம்பில் மோதும் கணத்தில் ஃபோர்க் இறுகிய கம்பியாகிவிடுகிறது. அடி முழுவதும் மணிக்கட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் போகிறது. சக்கரம் சாலையைவிட்டு எகிறுகிறது. இன்னொரு தீங்கும் உண்டு. பெரும்பாலான பழைய ஃபோர்க்குகளில் இறங்கும்போதைவிட மேலே திரும்பும்போது தணிப்பு அதிகமாக இருக்கும்படி துளைகள் அமைந்திருக்கும். கெட்டி எண்ணெய் இரண்டையும் கூட்டும். சிறு குழிகள் அடுத்தடுத்து வரும் சாலையில், ஒரு குழிக்கு அமுங்கிய ஃபோர்க் முழுதாகத் திரும்பும் முன்னரே அடுத்த குழி வந்துவிடும். ஒவ்வொரு குழிக்கும் ஃபோர்க் இன்னும் கொஞ்சம் கீழே தங்கும். சில விநாடிகளில் அது தன் நகர்வின் அடிப்பகுதியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நகர்வு போதவில்லை என்ற குறைக்குக் கொடுத்த மருந்து, இருக்கும் நகர்வையும் பறித்துவிடுகிறது.

இதற்கு அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்லும் மறுப்பு வலுவானது: "ஆயில் மாற்றியதும் எத்தனையோ வண்டிகள் உண்மையாகவே சரியாகியிருக்கின்றன." ஆம், சரியாகியிருக்கும். ஆனால் அந்த வண்டிகளில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்திருக்கின்றன. பல ஆண்டு மாற்றாத எண்ணெயில் ஈரமும், புஷ்ஷும் ஸ்பிரிங்கும் உராய்ந்த உலோகத் துகள்களும் சேர்ந்து அது சாம்பல் நிறக் குழம்பாகியிருக்கும். ஆயில் சீல் வழியாகக் கசிந்து அளவும் குறைந்திருக்கும். அளவு மிகக் குறைந்தால் துளைகள் எண்ணெய்க்குப் பதிலாக நுரையையும் காற்றையும் இழுக்கும். தணிப்பு அறவே போய்விடும். அங்கே குறை வேகத்தைச் சார்ந்த விசையில்தான் இருந்தது. புது எண்ணெயைச் சரியான அளவில் ஊற்றியதே குணமாக்கியது. நிறுவனம் சொன்ன அதே ரக எண்ணெயை ஊற்றியிருந்தாலும் குணமாகியிருக்கும். பெயர் மட்டும் கெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கெட்டி என்ற அளவிலும் குழப்பம் உண்டு. ஃபோர்க் ஆயில் டப்பாவில் 10 டபிள்யூ, 15 டபிள்யூ என்று போட்டிருப்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒருவரின் பத்து இன்னொருவரின் பதினைந்தை நெருங்கலாம். ஒப்பிட உதவுவது 40 பாகை செல்சியஸில் உள்ள பாகுநிலை, சென்டிஸ்டோக்ஸ் கணக்கில். பத்தாம் ரக ஃபோர்க் ஆயில்கள் முப்பதை ஒட்டி இருக்கும். கைக்குக் கிடைத்ததென்று ஊற்றப்படும் 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயில் நூறைத் தாண்டும். தொழிற்சாலையே இன்ஜின் ஆயிலைப் பரிந்துரைத்த சில பழைய வண்டிகள் உண்டு. அவற்றின் துளைகள் அதற்கேற்ற அளவில் இருக்கும். மற்றவற்றில் அதை ஊற்றுவது மும்மடங்கு கெட்டியான திரவத்தைத் திணிப்பதாகும்.

ஊற்றும் அளவு வேறொரு வழியிலும் வேலை செய்கிறது. எண்ணெய் மட்டம் உயர்ந்தால் மேலே உள்ள காற்றின் இடம் சுருங்குகிறது. நீண்ட நிலையில் 260 மி.மீ. உயரக் காற்றுத்தூண் முழுதாக அமுங்கும்போது 140 ஆகிறது என்றால் அழுத்தம் ஏறத்தாழ 1.86 மடங்காகும். மட்டத்தை 20 மி.மீ. உயர்த்தினால் 240 மி.மீ. தூண் 120 ஆகும். அழுத்தம் இரண்டு மடங்கு. மேல்பகுதி நகர்வில் இந்த வேறுபாடு தெரியாது; அடியை நெருங்கும்போதுதான் தெரியும். உட்காரும் அளவு சரியாக இருந்தும் எப்போதாவது பெரிய பள்ளத்தில் மட்டும் அடி தட்டும் வண்டிக்கு இது நல்ல, செலவில்லாத மருந்து. அளவு மீறினால் காற்றுக்கு இடமே இல்லாமல் போய், அமுங்காத எண்ணெய் சீலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஐந்தைந்து மில்லிமீட்டராகத்தான் உயர்த்த வேண்டும்.

ஆகவே, எந்த விசை குறைந்திருக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொள்வதே முதல் வேலை. இதற்கு வேண்டியவை ஒரு டேப், ஒரு பிளாஸ்டிக் டை, இரண்டு உதவியாளர்கள். பளபளக்கும் மேல் பைப்பில் டையைச் சுற்றி இறுக்கி, தூசி மூடியை ஒட்டி இறக்கி வைக்க வேண்டும். முன் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, தூசி மூடியிலிருந்து மேல் பைப்பின் கிளாம்ப் வரை அளந்தால் ஃபோர்க்கின் முழு நீளம் கிடைக்கும். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, ஓட்டுபவர் தன் வழக்கமான உடையில் ஏறி, கால்களைத் தூக்கி அமர வேண்டும். ஒருவர் வண்டியைத் தாங்கிப் பிடிக்க, மற்றொருவர் அளக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சீலும் புஷ்ஷும் தரும் உராய்வால் ஃபோர்க் ஒரே இடத்தில் வந்து நிற்காது. கீழே அமுக்கி மெல்ல விட்டால் சற்றுத் தாழ்ந்து நிற்கும். மேலே தூக்கி மெல்ல விட்டால் சற்று உயர்ந்து நிற்கும். இரண்டையும் அளந்து சராசரி எடுத்து, முழு நீளத்திலிருந்து கழித்தால் வண்டி உட்காரும் அளவு. இரண்டு அளவுகளுக்கும் இடைவெளி 10 மி.மீ.க்கு மேல் போனால் அதுவே ஒரு செய்தி: பைப் வளைந்திருக்கலாம், அச்சை இறுக்கும்போது ஃபோர்க்கின் இரு கால்களும் கோணியிருக்கலாம், சீல் காய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஃபோர்க்கில் ஸ்பிரிங்கையோ ஆயிலையோ தொடுவதில் பயனில்லை. கடைசியாக வண்டியை வழக்கமான சாலையில் ஓட்டி, ஒருமுறை அழுத்தமாகப் பிரேக் பிடித்து நிறுத்தினால், மேலே தள்ளப்பட்ட டை ஃபோர்க் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைக் காட்டி நிற்கும்.

இந்த எண்கள் கையில் இருந்தால் அடுத்த முடிவு தானாகவே வரும். உட்காரும் அளவு நகர்வில் நாற்பது விழுக்காட்டைத் தாண்டினால் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து நீளம் பார்க்க வேண்டும். நீளம் குறைந்திருந்தால் இழந்ததை ஒரு ஸ்பேசரால் ஈடுகட்டலாம், 12 மி.மீ. குறைந்த ஸ்பிரிங்குக்கு 12 மி.மீ. துண்டு. தடித்த சுவருள்ள குழாயை லேத்தில் இரு முனையும் சதுரமாக வெட்டி, ஸ்பிரிங் அதற்குள் நுழைந்துவிடாதபடி நடுவில் வாஷர் போட வேண்டும். இரு கால்களுக்கும் ஒரே அளவு. மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. முன் சக்கரத்தில் எடை இல்லாதபடி இன்ஜினுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும். முகத்தை மேலே வைக்கக் கூடாது. ஸ்பேசர் போட்டதும் "ஃபோர்க் விறைப்பாகிவிட்டது" என்பார்கள். விறைப்பு ஒரு நியூட்டன்கூடக் கூடவில்லை. வண்டி தன் பழைய உயரத்துக்கு ஏறியிருக்கிறது, இழந்த சேமிப்பு திரும்பியிருக்கிறது. எதிர்பார்த்த பலனும் அதுதான்.

ஸ்பேசருக்கும் எல்லை உண்டு. ஓட்டுபவர் அமர்ந்தபோது சரியான அளவைக் கொண்டுவர முன்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், வண்டி தனியாக நிற்கும்போது ஃபோர்க் உட்காரவே இல்லை என்ற நிலை வந்தால், அல்லது உட்காரும் அளவு சரியாக இருந்தும் சாதாரணப் பிரேக்கிலேயே டை அடிவரை போனால், ஸ்பிரிங்கின் விறைப்பே இந்தச் சுமைக்குப் போதாது. அப்போது தடித்த கம்பியில் செய்த ஸ்பிரிங்தான் வழி. கம்பித் தடிமனின் நான்காம் படியில் விறைப்பு ஏறுவதால் சிறு மாற்றமே பெரிய பலன் தரும்: 4 மி.மீ. கம்பி 4.2 ஆனால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்பதால், ஸ்பிரிங்கின் விறைப்பு குறைவதே இல்லை என்ற கூற்றுக்கு ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் புகுந்து துருவேறி, 4 மி.மீ. கம்பி முழுச்சுற்றும் 3.9 ஆகத் தேய்ந்துவிட்டால் விறைப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். துருக்குழி விழுந்த ஸ்பிரிங் அங்கிருந்தே உடையவும் கூடும். அதை மாற்றியே ஆக வேண்டும். சில சுற்றுகளை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஸ்பேசர் வைக்கும் பழைய வழியும் அறிவியல்படி சரியானதே. 50 சுற்றில் 5 போனால் விறைப்பு ஒன்பதில் ஒரு பங்கு கூடும். ஆனால் மீதிச் சுற்றுகள் கூடுதலாக அமுங்க வேண்டும். முழு நகர்வில் சுற்றோடு சுற்று முட்டாது என்று கணக்குப் போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

எண்ணெயின் முறை இதற்குப் பிறகு வருகிறது. விறைப்பான ஸ்பிரிங் அதே அளவு அமுங்கும்போது கூடுதல் ஆற்றலைச் சேர்த்து வைக்கும். மேலே திரும்பும்போது அதைக் கட்டுப்படுத்தத் தணிப்பும் சற்றுக் கூட வேண்டும். கொஞ்சம் கெட்டியான எண்ணெய்க்கு நியாயமான இடம் இதுதான். அமுக்கி விட்ட ஃபோர்க் மேலே வந்து, ஒருமுறைக்கு மேல் ஆடாமல் நிலைகொண்டால் போதும். பழைய ஃபோர்க்கின் துளைகள் எல்லா வேகத்துக்கும் ஒரே அளவுதான், அதனால் எதைச் செய்தாலும் இன்றைய வண்டிகளைப் போல வராது என்ற வாதத்தையும் இங்கே எடைபோட வேண்டும். வர்க்கக் கணக்கில் ஏறும் எதிர்ப்பு அந்த அமைப்பின் பிறவிக் குணம் என்பது உண்மை. மெதுவான நகர்வுக்குப் போதுமான தணிப்பைத் தந்தால் வேகமான அடிக்கு அது அதிகமாகிவிடும். பிற்காலத்து ஃபோர்க்குகளில் அழுத்தம் ஏறியதும் வளைந்து திறக்கும் மெல்லிய தகடுகள் இதைத் தீர்த்தன. ஆனால் இந்த வரம்பு இருப்பதனாலேயே பழைய ஃபோர்க்கில் ஸ்பிரிங்கைச் சரியாக வைப்பது இன்னும் முக்கியமாகிறது. தாங்கும் வேலையை ஸ்பிரிங் முழுதாகச் செய்தால், எண்ணெயை அளவாக வைத்துக்கொள்ளும் சுதந்திரம் கிடைக்கிறது. ஸ்பிரிங் விட்ட வேலையை எண்ணெய் தலையில் கட்டினால் அந்தப் பிறவிக் குறை இரட்டிப்பாகும்.

வாரம் ஒருமுறை மெதுவாக ஓட்டும் பழைய வண்டிக்கு இவ்வளவு அளவும் கணக்கும் தேவையா என்று கேட்கலாம். ஓட்டுபவரின் சொகுசு மட்டுமே விஷயமாக இருந்தால் தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அடி தட்டிய ஃபோர்க்கில், சாலைக்கும் வண்டிக்கும் நடுவில் மீதமிருக்கும் ஒரே ஸ்பிரிங் டயர்தான். பிரேக் பிடித்துக்கொண்டே ஒரு மேட்டில் ஏறும்போது அந்த டயர் குதித்தால், பிடிமானம் தேவைப்படும் அதே கணத்தில் அது இல்லாமல் போகும். மெதுவாகப் போகும் வண்டியின் முன்னாலும் நாய் குறுக்கே ஓடும், பேருந்து சட்டென்று நிற்கும். பழைய வண்டிகளில் டிரம் பிரேக்கும் ஒல்லியான டயரும் ஏற்கெனவே வரம்புக்கு அருகில்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்குக் கிடைக்கும் பிடிமானத்தை முழுதாகப் பயன்படுத்தத் தருவது ஃபோர்க்கின் பொறுப்பு. அதற்கு ஆகும் செலவு ஒரு மாலை நேரமும், ஒரு குழாய்த் துண்டும், நிறுவனம் சொன்ன ரகத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான். பட்டறையில் வண்டியை விடும்போது "கெட்டி ஆயில் ஊற்றுங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "எவ்வளவு உட்காருகிறது, ஸ்பிரிங் நீளம் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்" என்று கேட்கும் பழக்கம் வந்தால், நல்ல நிலைக்குத் திரும்பக்கூடிய பழைய ஃபோர்க்குகள் ஏராளம்.